கல்லறைக் குழிக்குள் மக்காமல் கிடப்பவை: பெட்டி, துணி, உப்பு, சிமெண்ட்

வாடைக்காற்று (தங்கச்சிமடம் பக்கம்) தொடங்கிய இழை

வணக்கம். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. குடும்பக் குழியைத் திரும்பத் திறந்து, பழைய எலும்பை ஒரு ஓரமாக ஒதுக்கி, அதிலேயே அடுத்தவரை அடக்கம் செய்கிறோம். காலங்காலமாக இருக்கும் வழக்கம், அதில் யாருக்கும் சங்கடமில்லை.

சங்கடம் குழிக்குள்ளிருந்து வருகிறது. குழி வெட்டும் அண்ணன் சொல்கிறார்: முன்பெல்லாம் திறந்தால் எலும்பு, துருப்பிடித்த ஆணி, ஜெபமாலை மணி, அவ்வளவுதான் இருக்கும். இப்போது சாட்டின் துணி கிழியாமல் வருகிறது. நைலான் லேஸ் வருகிறது. தலையணை ஃபோம் அப்படியே இருக்கிறது. கைப்பிடிகள் பூச்சு மட்டும் உரிந்து பிளாஸ்டிக்காகக் கிடக்கின்றன. கொரோனா காலத்தில் உறையோடு வைத்த குழிகளைத் தொடவே மாட்டேன் என்கிறார்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் பெட்டிக்குள் என்னென்ன வைக்கக்கூடாது என்று கோயில் கமிட்டி ஒரு முடிவு எடுக்கலாம் என்று பேச்சு. என் கேள்வி இதுதான்: இவை மண்ணையும் தண்ணீரையும் உண்மையிலேயே கெடுக்கின்றனவா, அல்லது குழி வெட்டுபவருக்கு மட்டும்தான் தொல்லையா? தோட்டத்துக்கும் நாங்கள் தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கும் நடுவில் ஒரு சின்னத் தென்னந்தோப்புதான் இருக்கிறது.

---

கருவாட்டுக்கடை

ஊர்ச் சாக்கடை மொத்தமும் கடலுக்குள் போகிறது, இறால் பண்ணைக் கழிவு போகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டுச் செத்தவன் தலையணையில் கைவைக்கிறீர்களே தம்பி. வாழும்போது பாயில் படுத்தவனுக்கு ஒரு நாளாவது சாட்டின் கிடைக்கட்டுமே.

---

ஊற்றுநீர்

நிலத்தடி நீர்தான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடல் மண்ணுக்குள் என்ன செய்கிறது, உடலோடு நாம் அனுப்பும் சாமான் என்ன செய்கிறது, இரண்டும் வேறு வேறு. முதலில் உடல். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மக்கும்போது 30 முதல் 40 லிட்டர் வரை கசிவுநீர் வரும். அதில் அம்மோனியா, பாஸ்பேட், உப்புகள், நுண்ணுயிர்கள் எல்லாம் இருக்கும். கேட்கப் பயமாக இருந்தாலும், காற்றுப் புகும் மண்ணின் வழியாக அது மெதுவாக இறங்கினால் பெரும்பகுதியை மண்ணிலுள்ள பாக்டீரியாக்களே தின்று முடித்துவிடும். அந்த வேலை நடக்க, குழியின் அடிக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே காய்ந்த மண் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை இந்த இடைவெளி குறைந்தது 1 மீட்டர் என்கிறது. குடிநீர்க் கிணற்றிலிருந்து 250 மீட்டர் தள்ளி, மற்ற ஊற்று, ஓடைகளிலிருந்து 30 மீட்டர் தள்ளி, குழி வெட்டும்போது அடியில் தண்ணீர் நிற்கவே கூடாது என்றும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 1998-இல் கல்லறைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும் இதே 250 மீட்டரைத்தான் சொல்கிறது.

நம் ஊரில் 1999-ஆம் ஆண்டு கிராம ஊராட்சி இடுகாடு, சுடுகாடு விதிகள் உண்டு. அதில் வீட்டிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர். களிமண் பூமிக்கு அது போதலாம். நம் மணலுக்கு எனக்கு அந்த 90 மீட்டரில் நம்பிக்கை இல்லை.

ஏனென்றால் இந்தக் கடற்கரையில் நல்ல தண்ணீர் என்பது பாலின் மேல் ஏடு மாதிரி உப்புத்தண்ணீரின் மேல் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் அது கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. தீவில், மணல்மேட்டில், அந்த ஏடு அதைவிட மெலிந்தே இருக்கும். மழை விழுந்தால் மணல் உடனே உறிஞ்சிவிடும். அந்தத் தண்ணீரோடு குழிக்குள் இருப்பதும் வேகமாக இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் குழி வெட்டினால் இடுப்பளவு ஆழத்திலேயே தண்ணீர் ஊறுவதைப் பார்க்காதவர் இங்கே உண்டா? அந்த மாதங்களில் பெட்டியை மண்ணுக்குள் இறக்குவதாக நினைக்கிறோம், இறக்குவது தண்ணீருக்குள்.

இனி சாமான். பாலியெஸ்டர் சாட்டின், ஃபோம், பிளாஸ்டிக் ஆகியவற்றிலிருந்து பெரிய விஷம் ஒன்றும் கொட்டிவிடாது. அவை செய்யும் கெடுதல் வேறு: காற்றைத் தடுக்கும். ஈரம் நிறைந்த, காற்றில்லாத குழியில், துணியும் உறையும் இறுகச் சுற்றியிருந்தால் உடலின் கொழுப்பு வெளுத்த மெழுகாக மாறிவிடும். அதற்குப் பிறகு மக்குவது பல வருடங்களுக்கு நின்றே போகும். குழி வெட்டும் அண்ணன் தொட மறுப்பதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். கொரோனா உறைகளைப் பற்றிச் சொன்னீர்கள். 2020 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறை சொன்ன முறையே கசியாத பிளாஸ்டிக் உறை, வெளியே 1 சதவீத ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி என்பதுதான். அந்த நேரத்துக்கு அது சரி. ஆனால் அந்தக் குழிகளைத் தனியாகக் குறித்து வைத்து, திறக்காமல் விட்டுவிடுவது நல்லது.

உலோகமும் பெயிண்ட்டும் வேறு கதை. துத்தநாகம், நிக்கல், செம்பு, ஈயம் இவையெல்லாம் மக்குகிற பொருளே இல்லை. பூச்சு உரிந்தால் மண்ணில்தான் தங்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்று 2016-இல் விதி வந்து 2017 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. தொழிற்சாலை வகைப் பெயிண்டுக்கு அந்த விதி பொருந்தாது. பெட்டிக்கு எதை அடிக்கிறார்கள் என்று ஆசாரியைத்தான் கேட்க வேண்டும்.

கருவாட்டுக்கடை அண்ணனுக்கு: நீங்கள் சொன்ன சாக்கடை விஷயம் முழுக்கச் சரி. ஒரு தெருவில் இருக்கும் கழிப்பறைக் குழிகள் தினமும் மண்ணுக்குள் விடுவதோடு ஒப்பிட்டால் ஒரு கல்லறைத் தோட்டம் விடுவது கொஞ்சம்தான். கடலில், பவளப்பாறையில் இதன் பாதிப்பைத் தேடினால் எதுவும் கிடைக்காது. பயப்பட வேண்டியது பக்கத்து ஊற்றைப் பற்றி மட்டும்.

---

கீழக்கரை காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பக்கம் பெட்டியே கிடையாது. மையத்தை (இறந்தவர் உடலை) இலந்தை இலை போட்ட தண்ணீரில் குளிப்பாட்டி, கற்பூரம் தடவி, கபன் துணியில் சுற்றுவோம். ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. சந்தூக்கு என்ற பொதுத் தூக்குப் பெட்டியில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு மையவாடிக்கு (இடுகாட்டுக்கு)ப் போவோம். அடக்கம் முடிந்ததும் சந்தூக்கு பள்ளிவாசலுக்குத் திரும்பி வந்துவிடும். என் வாப்பா போனதும் அவர் வாப்பா போனதும் ஒரே சந்தூக்கில்தான். குழிக்குள் பலகையோ பனை மட்டையோ அடைத்து, ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட்டால் முடிந்தது. தலைமாட்டில் மீசான் என்ற அடையாளக் கல்.

ஆனால் நாங்கள் சுத்தம் என்று மார்தட்ட முடியாது. கடையில் கபன் செட் என்று பொட்டலமாக விற்கிறார்கள். வெள்ளையாக, வழுவழுவென்று இருக்கும். பாதிக்குப் பாதி டெரிகாட்டன். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகிவிடும். எங்கள் தெருவில் இப்போது இப்படிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அப்புறம் பலகைக்குப் பதில் சிமெண்ட் சிலாப் போடுகிற பழக்கமும் வந்துவிட்டது. மணல் சரிகிறது என்கிறார்கள், அது நியாயம்தான், ஆனால் பத்து வருடம் கழித்து அந்த இடத்தில் மண்வெட்டி வைத்தால் கம்பிதான் தட்டும்.

---

உளிச்சத்தம்

நான் பெட்டி செய்கிறவன். கடை எங்கே என்று கேட்காதீர்கள்.

வாடைக்காற்று தம்பி, உங்கள் கமிட்டி முடிவெடுக்கும் முன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். முன்பு மாம்பலகை, வேம்பு, வாகை, பூவரசு என்று எது கிடைக்கிறதோ அதில் செய்வோம். இன்றைக்குக் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பிளைவுட் அல்லது எம்.டி.எஃப் (மர நாரைப் பசை போட்டு அழுத்திய பலகை) பெட்டிதான் கேட்கிறார்கள். காரணம் விலை, அப்புறம் மினுமினுப்பு. சாவு விழுந்த வீட்டுக்காரர் ராத்திரி போன் செய்து காலையில் பெட்டி வேண்டும் என்பார். மரத்தை இழைத்து, காயவைத்து, பாலிஷ் போட நேரம் எங்கே? பலகையை அறுத்து, ரெக்சின் அல்லது வெல்வெட்டை ஒட்டி, கைப்பிடியைத் திருகினால் ஆயிற்று.

சிலர் இதிலும் மெரைன் பிளை கேட்பார்கள். "எங்க அப்பாவுக்கு நல்லதா போடுங்க ஆசாரி" என்று. மெரைன் பிளை என்பது கொதிநீரில் போட்டாலும் பிரியாத பசையில் ஒட்டியது, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தும் ஏற்றியது. படகுக்குப் போட வேண்டிய பலகை. மண்ணுக்குள் போய் மக்க வேண்டிய பெட்டிக்கு அதைப் போடுவது எனக்கே உறுத்தும். ஆனால் கேட்கிறவர் அழுதுகொண்டு நிற்கும்போது நான் என்ன பாடம் நடத்துவது?

பெயிண்ட் கேள்விக்கு: மெலமைன் பாலிஷ் அல்லது ஸ்பிரே பெயிண்ட், எது கையில் இருக்கிறதோ அது. டப்பாவில் ஈயம் எவ்வளவு என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

மலிவாக ஒரு வழி உண்டு. துறைமுகத்தில் இறக்குமதிச் சரக்கோடு வரும் பைன் மரச் சட்டங்கள் பழைய மரக்கடைகளில் கிடைக்கும். அதில் முத்திரை குத்தியிருக்கும். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடாக்கிப் பூச்சி கொன்றது, எம்.பி. (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற விஷப் புகை போட்டது. நான் எச்.டி. மட்டும்தான் வாங்குவேன், இழைக்கிற மூக்கு என்னுடையதல்லவா. பைன் மண்ணில் சீக்கிரம் மக்கும், எடையும் குறைவு. பெயிண்ட் வேண்டாம், ஆளி எண்ணெய் போதும் என்று கமிட்டி எழுதிக் கொடுத்தால் நான் சந்தோஷமாகச் செய்து தருவேன். கைப்பிடிக்குத் தேங்காய் நார்க் கயிறு. ஒரே நிபந்தனை, எல்லாக் கடைக்கும் ஒரே விதி இருக்க வேண்டும். எனக்கு மட்டும் விதி போட்டால் அடுத்த கடையில் வெல்வெட் பெட்டி விற்கும், நான் ஈ ஓட்டுவேன்.

---

கருவாட்டுக்கடை

ஆசாரி சொல்வது வேலைக்கு ஆகிற பேச்சு. சாட்டின் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை, ஆனால் மெரைன் பிளை விஷயம் தெரியாது.

சீமைக்கருவேலத்தில் பெட்டி செய்ய முடியாதா? மாவட்டம் முழுக்க அதுதான் நிற்கிறது.

---

உளிச்சத்தம்

மரம் நல்ல கெட்டி. ஆனால் நேராக வளராது, அகலமான பலகை கிடைக்காது. துண்டு துண்டாக ஒட்டி அடித்தால் எடை கூடும், கூலி கூடும். அது அடுப்புக்கும் கரிமூட்டத்துக்கும்தான் லாயக்கு.

---

அக்னிதீர்த்தக்காரன் (ராமேஸ்வரம்)

கருவேலத்தைச் சொன்னதால் எரிக்கிறவர்கள் பக்கமும் கொஞ்சம். வழக்கமான சிதைக்கு 400, 500 கிலோ விறகு போகிறது என்பார்கள். வடக்கே மோக்ஷதா என்று ஓர் அமைப்பு 1992 முதல், காற்று நன்றாக ஓடும்படி உலோக மேடையும் கூண்டும் வைத்து அதை 150, 200 கிலோவாகக் குறைக்கப் பார்க்கிறது. நம் மாவட்டத்தில் விறகு என்றால் கருவேலம்தான், காடு அழிகிறது என்று புலம்ப வேண்டியதில்லை. வெட்டினாலும் திரும்ப முளைக்கிற சனியன் அது.

எங்கள் பிரச்சினை சிதையில் விறகோடு சேர்ந்து போவது. பாடை பச்சை மூங்கில், தென்னை ஓலை, வைக்கோல் கயிறு, வறட்டி, இதெல்லாம் சரி. மேலே போர்த்துகிற கோடித் துணி அடுக்கடுக்காக பாலியெஸ்டர். மாலையில் பாதி பிளாஸ்டிக் பூ, தெர்மகோல் வளையம். மழைநாளில் விறகு பிடிக்கவில்லை என்று சைக்கிள் டயர் போடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில இடத்தில் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸையே சுருட்டி உள்ளே சொருகுகிறார்கள். ஃபிளக்ஸ் என்பது பி.வி.சி. அதை அரைகுறைச் சூட்டில் எரித்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டையாக்ஸின் என்ற நச்சும் வரும். அந்தப் புகையைக் கடைசி வரை நின்று குடிப்பவர் சுடுகாட்டு வேலைக்காரர்.

அஸ்தி கரைப்பதால் கடல் கெடுகிறது என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். எரிந்த எலும்பு பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். ஒரு கலயம் சாம்பலால் கடலுக்கு ஒன்றும் ஆகாது. அக்னி தீர்த்தத்தில் நகராட்சி ஆட்கள் வாரிக்கொண்டிருப்பதைப் பாருங்கள்: உடுத்திய துணி, பிளாஸ்டிக் பை, மாலை நார், பூசைப் பொட்டல உறை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தீர்த்தத்தில் அந்தத் தடையின் வாசனைகூட இல்லை.

---

சாயல்குடி அக்கா

யாரும் உப்பைப் பற்றிப் பேசவில்லையே? எங்கள் சாதிசனத்தில் புதைப்பதுதான் வழக்கம். குழிக்குள் கல் உப்பு கொட்டுவார்கள், வசதியானவர்கள் மூட்டைக் கணக்கில் கொட்டுவார்கள். உடம்பு சீக்கிரம் மக்கும், நாய் நரி தோண்டாது என்று காரணம் சொல்வார்கள். வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கும்போது உப்புக்கா பஞ்சம். சில பேர் சுண்ணாம்பும் சேர்த்துப் போடுகிறார்கள். இது மண்ணுக்கு நல்லதா கெட்டதா? வீட்டில் மாமனார் முறையில் ஒருவருக்கும் எனக்கும் இதில் தகராறே வந்துவிட்டது. ஊற்றுநீர் தம்பி சொன்னால் காட்டலாம்.

---

ஊற்றுநீர்

அக்கா, நல்ல வேளையாகக் கேட்டீர்கள். இந்த இழையிலேயே தண்ணீருக்கு நேரடியாகக் கெடுதல் செய்யும் சாமான் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

கணக்குப் போடுவோம். குடிநீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது இந்தியத் தரநிலை. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 50 கிலோ மூட்டை ஒன்று என்பது 5 கோடி மில்லிகிராம். அதை 500-ஆல் வகுத்தால் 1 லட்சம் லிட்டர். அதாவது உப்பே இல்லாத 1 லட்சம் லிட்டர் மழைநீரை அந்த நல்ல அளவின் விளிம்புக்குக் கொண்டுவர ஒரே ஒரு மூட்டை போதும். நம் ஊற்றில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, அதனால் இன்னும் குறைவான உப்பே போதும். வீரியமான கடலுப்பு மணலில் எங்கும் ஒட்டாது, எந்தப் பாக்டீரியாவும் அதைத் தின்னாது, முதல் மழைக்கே கீழே போய்விடும். மெலிந்த நன்னீரின் மேல் நாமே கையால் உப்பைக் கொட்டுகிற மாதிரிதான்.

மக்குவதற்கும் அது உதவாது. மீனுக்கு உப்பு எதற்காகப் போடுகிறோம் என்று கருவாட்டுக்கடை அண்ணனைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

சுண்ணாம்பும் அப்படித்தான். பன்றி உடல்களைச் சுண்ணாம்போடும் சுண்ணாம்பில்லாமலும் புதைத்து, 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சுண்ணாம்பு போட்டவைதான் முதல் ஆறு மாதம் மெதுவாக மக்கின. நாற்றத்தை அடக்கும், அவ்வளவுதான் அதன் பயன். நாய் தோண்டாமலிருக்க வேண்டுமானால் ஆழமும் மேலே ஒரு கட்டு முள்ளும் போதும்.

---

கருவாட்டுக்கடை

கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். உப்பு போட்டால் கெடாது. இதை யோசிக்காமல் என் அத்தைக்கு இரண்டு மூட்டை கொட்டினார்கள் எங்கள் சொந்தக்காரர்கள்.

---

தேவிபட்டினம் மகள்

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியைப் பற்றி ஒன்று கேட்கணும். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில். அங்கே இறந்தால் மருந்து ஏற்றி, மூடி முத்திரை வைத்த பெட்டியில் விமானத்தில் வருகிறது. உள்ளே துத்தநாகத் தகடு. எங்கள் பெரியப்பா வந்தபோது, முகம் பார்க்கத் தகரம் வெட்டுகிற ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த மருந்து மண்ணுக்குக் கெடுதலா? அந்தப் பெட்டியை என்ன செய்வது? எங்கள் இடுகாட்டு மூலையில் இரண்டு மூன்று கிடக்கின்றன, யாரும் தொட மாட்டார்கள்.

---

கீழக்கரை காக்கா

எங்கள் மையவாடியிலும் அதே கதைதான் மகளே. நாங்கள் மையத்தை வெளியே எடுத்துக் கபனோடுதான் அடக்குவோம். மிஞ்சும் பெட்டி சுவரோரம் சாய்ந்து நிற்கும். மழையில் ஊறி, பசை பிரிந்து, தகடு தொங்கிக்கொண்டு. ஒரு தடவை இளைஞர்கள் சேர்ந்து தகட்டை உரித்துப் பழைய இரும்புக் கடையில் போட்டார்கள். முதலில் கடைக்காரர் வாங்க மறுத்தார். எதிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டதாம்.

---

ஊற்றுநீர்

மருந்து என்பது ஃபார்மலின். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முதல் வகையில் சேர்த்தது. ஆனால் அந்த ஆபத்து பெரும்பாலும் அதைத் தினமும் மூச்சில் இழுக்கும் தொழிலாளிக்கு. மண்ணில் இறங்கினால் பாக்டீரியாக்கள் அதை உடைத்துவிடும். பெட்டியைத் திறக்கும்போது காற்றோட்டமான இடத்தில் திறப்பதும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் இருப்பதும் முக்கியம். குழந்தைகளை அந்த நேரத்தில் தள்ளியே நிறுத்துங்கள்.

ஃபார்மலினுக்கு முன்னால் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க் காலம் தொடங்கி 1900-களின் ஆரம்பம் வரை ஆர்செனிக் ஏற்றினார்கள். அது இன்றும் அந்த மண்ணிலேயே இருக்கிறது. உடைகிற பொருளுக்கும் உடையாத பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

துத்தநாகத் தகட்டைக் காக்கா சொன்னபடி எடுத்து உருக்கப் போடுவதே சரி. புதைக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். மிச்சப் பலகை எம்.டி.எஃப் என்றால் வீட்டு அடுப்பில் வைத்துவிடாதீர்கள்.

---

பவளக்கல்

கட்டுமானத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். சாட்டினும் லேஸும் எடை போட்டால் ஒரு கிலோ வருமா? மேலே எழுப்பும் சிமெண்ட் கல்லறை ஒரு டன்னுக்கு மேல். 1 டன் சிமெண்ட் தயாரிக்க 0.6 முதல் 0.9 டன் வரை கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதன் மேல் எங்கிருந்தோ லாரியில் வரும் கிரானைட், டைல்ஸ். கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து வெடிக்கும், சில வருடத்தில் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுவார்கள்.

பழைய கல்லறைகள் மட்டும் இயற்கையோடு ஒன்றியவை என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். இந்தக் கரையில் பல பழைய கல்லறைகளும் சுவர்களும் பவளக்கல்லில் கட்டியவை. பூசிய சுண்ணாம்பும் பவளத்தைச் சுட்டு எடுத்ததுதான். கடலுக்குள்ளிருந்து அப்படித் தோண்டித் தோண்டித்தான் மன்னார் வளைகுடாத் தீவுகள் கரைந்தன. 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதில் கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டியும், தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும் இப்போது தண்ணீருக்குள் இருக்கின்றன. 2001-இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். இன்றைக்கு ஒரு பவளக்கல்லை எடுத்தால் குற்றம். நம் முன்னோர் கல்லறைக்காக எடுத்ததும் அந்தக் கணக்கில் உண்டு.

---

ஊற்றுநீர்

பவளக்கல் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தத்தோடு. சிமெண்ட் மூடி மழைநீர் குழிக்குள் இறங்குவதைத் தடுக்கும், அதனால் ஊற்றுக்கு வரும் கசிவு குறையும். தண்ணீரை மட்டும் பார்த்தால் அது நன்மை. திரும்பத் திறக்க வேண்டிய குழிக்கு அதுவே தொல்லை. வாடைக்காற்று ஊரில் இடமே இல்லாததால் அவர்களுக்கு மண்மேடும் சிலுவையும் போதும் என்பது என் கட்சி.

---

வாடைக்காற்று

எல்லோருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்துவிட்டது. கமிட்டியில் சிலரிடம் பேசினேன். பெரியவர் ஒருவர், அவருடைய சின்ன வயதில் கோயிலுக்குப் பொதுவான பெட்டி ஒன்று இருந்ததாகச் சொன்னார். வீட்டிலிருந்து கல்லறை வரை அதில் தூக்கிவந்து, உடலைப் பாயோடு இறக்கிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோவார்களாம். காக்கா சொன்ன சந்தூக்கு கணக்காகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அதைச் சொன்னால் "எங்களை ஏழை என்கிறீர்களா" என்று சண்டைக்கு வருவார்கள் என்று பெரியவரே சிரிக்கிறார்.

காளான் வேரால் வளர்த்த பெட்டி என்று நெதர்லாந்தில் 2020 முதல் ஒன்று விற்கிறார்களாம், என் மச்சான் அனுப்பினான். அது நமக்கு எட்டுமா?

---

சாயல்குடி அக்கா

காளானுக்கு எதற்குப் போகிறாய் தம்பி. மரத்தை எண்ணி முடியாத அளவுக்குப் பனை நம்மிடம் இருக்கிறது. வெட்டுவதற்குத்தான் இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும், ஓலை எடுக்க யார் அனுமதியும் வேண்டாம். ஓலைப்பாய் பின்னுகிற பெண்கள் இன்னும் நம் பக்கம் இருக்கிறார்கள், வேலைதான் இல்லை. ஆளுயரத்துக்கு இரட்டைப் பாய் பின்னி, ஓரத்தில் பனை நார் கோத்து, சாயம் போட்ட ஓலையில் சிலுவை வைத்துப் பின்னிக் கொடுத்தால் அதைவிட அழகான பெட்டி எது? ஏழைப் பெட்டி என்று எவனும் சொல்ல மாட்டான். உள்ளே விரிக்கப் பருத்தி வேட்டி, சேலை. தலையணைக்கு இலவம்பஞ்சு. சாட்டின் கேட்ட அண்ணனுக்கு, கைத்தறிப் பட்டு போடலாம், அதுவும் மக்கும்.

---

கருவாட்டுக்கடை

பட்டு என்றால் எனக்குச் சம்மதம்.

---

உளிச்சத்தம்

அக்கா சொன்னது நடக்கக்கூடிய விஷயம். பாய் மட்டும் என்றால் தூக்கும்போது தொங்கும். அடியில் பைன் சட்டம், குறுக்கே நான்கு ரீப்பர், சுற்றிலும் ஓலைப்பின்னல் என்றால் நிற்கும். ஆணிக்குப் பதில் மர முளை. எவர்சில்வர் ஆணி வேண்டாம், அது குழி வெட்டுகிறவர் காலைக் கிழிக்கும். இரும்பு ஆணி என்றால் நம் உப்புமண் சீக்கிரம் தின்றுவிடும். மாதிரி ஒன்று செய்து காட்டத் தயார், கூலி வேண்டாம், மரக்காசு மட்டும்.

---

ஊற்றுநீர்

வாடைக்காற்று, பெட்டி எதுவானாலும் தண்ணீர்ப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். ஊற்றில் ஒன்று, கல்லறைக்கு எதிர்த்திசையில் இருக்கும் ஏதாவது கிணற்றில் ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் எடுங்கள். புரட்டாசியில் ஒரு முறை, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு முறை. நைட்ரேட், குளோரைடு, அம்மோனியா, கோலிஃபார்ம் பாக்டீரியா ஆகியவற்றுக்குப் பரிசோதனை கேளுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்க வேண்டாம். இரண்டு கிணற்றிலும் ஒரே மாதிரி கூடியிருந்தால் காரணம் கழிப்பறைக் குழிகள், கல்லறையைக் குறை சொல்ல முடியாது. ஊற்றில் மட்டும் மழைக்குப் பின் ஏறினால், அடைமழை மாதங்களில் தாழ்வான பக்கத்துக் குழிகளைத் திறக்காமல் மேட்டுப் பக்கம் மட்டும் பயன்படுத்துவது பற்றிக் கமிட்டியில் பேசுங்கள். பெட்டியை மாற்றுவதைவிட அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும், குடும்பக் குழி என்பதால்.

---

வாடைக்காற்று

தாழ்வான பக்கம் எங்கள் குடும்பக் குழியும் இருக்கிறது. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும்.

பரிசோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் கேன் எங்கே வாங்குவது, ஆய்வகத்திலேயே கொடுப்பார்களா? ஆசாரி அண்ணே, மாதிரிக்கு அளவு என்ன வைக்கலாம்? எங்கள் குழிகள் ஆறரை அடி நீளம், இரண்டே கால் அடி அகலம்.

---

உளிச்சத்தம்

வெளி அளவு ஆறேகால், அகலம் ஒன்றே முக்கால். கயிறு விட்டு இறக்கப் பக்கத்துக்கு மூன்று விரல் இடம் வேண்டும். ஓலைப் பக்கம் அக்காவின் ஆட்களிடம் பேசிவிட்டுச் சொல்லுங்கள், சட்டத்தை அடித்து வைக்கிறேன்.

---

ஊற்றுநீர்

கோலிஃபார்முக்கு ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்குங்கள், வீட்டுப் பாட்டில் ஆகாது. மற்றதுக்கு 2 லிட்டர் கேன், மூன்று தடவை அந்தத் தண்ணீராலேயே கழுவிவிட்டுப் பிடியுங்கள்.